கூப்பிட்ட குரலுக்கு வராத கடல்: ‘ஸ்டிக்ஸ்’ திரைப்படம்

கொலோன் நகரத்தில் ஓர் இரவு. தெருவில் பந்தயம் விட்ட கார் ஒன்று மோதி நொறுங்குகிறது. சற்று நேரத்துக்கெல்லாம் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல்துறை என்று ஒரு நகரத்தின் மொத்த ஏற்பாடும் அந்த ஒருவனைச் சுற்றி வந்து நின்றுவிடுகிறது. அவசர மருத்துவரான ரீக்கே, நொறுங்கிய வண்டிக்குள் கிடப்பவனைப் பதற்றமில்லாமல் கவனிக்கிறார். அவன் செய்தது குற்றமா, முட்டாள்தனமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அடிபட்டிருக்கிறான், அது போதும். படத்தை முதல்முறை பார்த்தபோது, கடற்பயணக் கதைக்கு இந்தக் காட்சி எதற்கு, கதாநாயகியின் தொழிலைச் சொல்ல இவ்வளவு நீளம் வேண்டுமா என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து, அதே ரீக்கே நடுக்கடலில் வானொலிக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கப்பலை வரவழைக்க முடியாமல் நிற்கும்போதுதான், இயக்குநர் முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவைத்த அளவுகோல் அது என்று விளங்கியது.

2018இல் பெர்லின் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘ஸ்டிக்ஸ்’ ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து தயாரித்த படம். இயக்குநர் வொல்ஃப்காங் ஃபிஷர். ரீக்கேயாக நடித்திருப்பவர் சூசன்னே வொல்ஃப். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அதே ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் வழங்கும் லக்ஸ் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இருந்த மூன்று படங்களுள் இதுவும் ஒன்று. இருந்தும், உலக சினிமா பார்ப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் காரைக்குடி நண்பர்கள் வட்டத்தில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஸ்டிக்ஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்கள் கடந்து போகும் ஆறு. நம் கருடபுராண வைதரணி என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை இல்லை.

எங்கள் வீட்டுப் பட்டாலைச் சுவரில் நாலு முழ வேட்டி ஒன்றைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து இதைப் பார்த்தோம். பார்த்தவர்கள் மூவர்: நான், என் அண்ணன் மகன், எண்பத்தைந்து வயதைக் கடந்த என் அப்பத்தா. அண்ணன் மகன் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. ஆறு மாதம் கடலில், மூன்று மாதம் ஊரில். அவன் உடன் இருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இந்தப் படத்தின் பாதி எனக்குப் பிடிபட்டிருக்காது.

கதை எளியது. விடுமுறை எடுத்துக்கொண்ட ரீக்கே, ஜிப்ரால்டரிலிருந்து தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் புறப்படுகிறார். போக நினைக்கும் இடம், தென் அட்லாண்டிக்கில் இருக்கும் அசென்ஷன் தீவு. 1836இல் டார்வின் அங்கே இறங்கியபோது அது பெரும்பாலும் மொட்டைப் பாறை. பிறகு தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கரின் யோசனைப்படி உலகின் பல பகுதிகளிலிருந்து மரம் செடிகளைக் கொண்டுவந்து நட்டு, அதன் உச்சியில் ஒரு காட்டையே உண்டாக்கினார்கள். மனிதர் கைபட்டு உருவான சொர்க்கம் ஒன்றைத் தேடிப் போகிறார் இந்த மருத்துவர். படகின் பெயர் ‘ஆசா கிரே’. டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த அமெரிக்கத் தாவரவியலாளரின் பெயர்.

இந்த முதற்பகுதியில் பேச்சு அநேகமாக இல்லை. தண்ணீர்ப் பாட்டில்களையும் உணவுப் பொருள்களையும் அடுக்குவது, கயிற்றை இழுத்து முடிவது, வரைபடத்தில் கோடு போடுவது, வெயிலில் படுத்துப் புத்தகம் படிப்பது, கடலில் குதித்து நீந்திவிட்டுத் திரும்ப ஏறுவது என்று ஒரு பெண்ணின் கைவேலையையே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. சூசன்னே வொல்ஃப் உண்மையிலேயே படகோட்டத் தெரிந்தவர் என்பது ஒவ்வொரு முடிச்சிலும் தெரிகிறது. நடிப்பதற்காகக் கயிற்றைப் பிடிக்கும் கைக்கும், காற்று மாறினால் என்ன ஆகும் என்று அறிந்து பிடிக்கும் கைக்கும் உள்ள வேறுபாட்டை என் அண்ணன் மகன்தான் முதலில் சுட்டிக் காட்டினான். “சித்தப்பா, இந்தம்மா முடிச்சப் பாக்கவே இல்ல பாருங்க, கை தானாப் போகுது” என்றான். மருத்துவமனையிலும் படகிலும் அவர் ஒரே ஆள்தான்: தயார் நிலையில் இருப்பவர், பதறாதவர், தன் வேலையைப் பிறர் செய்யட்டும் என்று விடாதவர். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் படம் சோதனைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

புயல் ஒன்று வருகிறது. அந்த இரவில், அந்தப் பக்கமாகப் போகும் சரக்குக் கப்பலின் அதிகாரி ஒருவர் வானொலியில் அன்பாகப் பேசுகிறார், ஏதேனும் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்கிற தொனியில். விடிந்ததும் சற்றுத் தொலைவில் பழுதாகி நிற்கும் மீன்பிடிப் படகு ஒன்று தெரிகிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் நெருக்கியடித்து நின்று கையசைக்கிறார்கள். ரீக்கே முறைப்படி அபாய அழைப்பு விடுக்கிறார். கடலோரக் காவல் நிலையத்திலிருந்து பதில் வருகிறது: உதவி வரும், நீங்கள் விலகி இருங்கள், நெருங்கினால் நிலைமை மோசமாகும். மணி நேரங்கள் கழிகின்றன. உதவி வரவில்லை. அன்பாகப் பேசிய அந்தச் சரக்குக் கப்பல்காரரைக் கூப்பிட்டால், இம்மாதிரி விஷயங்களில் தலையிடக்கூடாதென்பது கம்பெனியின் கட்டளை, என் வேலை போய்விடும் என்கிறார்.

இந்தப் படத்தைக் கருணையைப் பற்றிய படம் என்று எழுதுபவர்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. இதில் கருணை இல்லாதவர்கள் என்று யாரையும் காட்டவில்லை. காவல் நிலையத்துக் குரல் கடுமையாக இல்லை. சரக்குக் கப்பல்காரரின் குரலில் வருத்தம்கூட இருக்கிறது. படம் பிடித்துக் காட்டுவது வேறொன்றை. நம் ஊரில் அதற்குப் பழகிய சொல் ஒன்று உண்டு: ‘சொல்லியாச்சு’. மின்கம்பம் சாய்ந்து கிடக்கிறதே என்றால் சொல்லியாச்சு என்பார்கள். ஊருணிக் கரை உடைந்திருக்கிறதே என்றால் சொல்லியாச்சு என்பார்கள். சொன்னவர் கடமை சொன்னதோடு முடிந்தது, கேட்டவர் கடமை மேலே சொன்னதோடு முடிந்தது; கம்பம் சாய்ந்த இடத்திலேயே இருக்கும். ரீக்கே சொல்கிறார், காவல் நிலையம் பதிவு செய்துகொள்கிறது, சரக்குக் கப்பல் கேட்டுக்கொள்கிறது. எல்லாருமே தத்தம் விதிப்படி நடந்துகொண்டிருக்க, அந்தப் படகு மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிறது. தகவல் சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை இவ்வளவு நேரம் எடுத்து, இவ்வளவு பொறுமையாக அளந்து காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

படகுக்கே போய்விட வேண்டியதுதானே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அப்பத்தாவுக்கும் தோன்றியது. “அந்தப் பொண்ணு படகத் திருப்பமாட்டாளா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். இங்கேதான் அண்ணன் மகன் படத்தை நிறுத்தச் சொல்லி விளக்கினான். அவர் படகு பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம்; சில பேருக்கு மேல் தாங்காது. அருகில் போனால் எல்லாரும் ஒரே பக்கமாகப் பாய்வார்கள். முதலில் அவர்களுடைய படகு கவிழும், பிறகு இவருடையது. சற்றே நெருங்கியபோது சிலர் தண்ணீரில் குதித்து இவரை நோக்கி நீந்த முயன்று மூழ்குவதைப் படமே காட்டுகிறது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, 98ஆம் பிரிவில், கடலில் உயிராபத்தில் இருப்பவருக்கு உதவுவதைக் கப்பல் தலைவரின் கடமையாக்குகிறது. ஆனால் தன் கப்பலுக்கும் அதில் உள்ளவர்களுக்கும் பெரும் ஆபத்து நேராத அளவில் என்று வரம்பும் கட்டுகிறது. ரீக்கே நிற்பது அந்த வரம்பின் மேலேயே. சரக்குக் கப்பல்காரருக்கோ அந்தச் சாக்கு இல்லை. அவருடைய கப்பலில் இடம் இருக்கிறது. “சட்டம் கேப்டனப் பாத்துச் சொல்லுது சித்தப்பா, சம்பளத்தக் கம்பெனி குடுக்குது” என்றான் அண்ணன் மகன். அவன் கப்பலில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கதையில் வரும் சரக்குக் கப்பல் செய்யாததை நிஜக் கப்பல்கள் செய்ததுண்டு என்பதையும், செய்தபின் என்ன ஆயிற்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்டில் ‘டாம்பா’ என்ற நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல், கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியா தன் கரையில் அவர்களை இறக்க அனுமதி மறுத்தது. கப்பலுக்குள் ராணுவ வீரர்களையே அனுப்பியது. தலைவர் ஆர்னே ரின்னானுக்கும் அவருடைய மாலுமிகளுக்கும் அடுத்த ஆண்டு ஐ.நா. அகதிகள் முகமையின் நான்சன் விருது கிடைத்தது. விருது கிடைத்தது சரி, அத்தனை நாள் நின்றுபோன கப்பலின் செலவைக் கணக்குப் பார்த்த கம்பெனிகள் என்ன பாடம் படித்திருக்கும் என்பதற்கு இந்தப் படத்தின் வானொலிக் குரலே விடை மாதிரி இருக்கிறது.

படத்தின் உச்சம் என்று நான் கருதுவது பையன் வரும் இடம். பதினான்கு வயது மதிக்கத்தக்க கிங்ஸ்லி எப்படியோ நீந்தி வந்து சேர்கிறான். அவனைப் படகில் ஏற்ற ரீக்கே படும் பாட்டை இயக்குநர் வெட்டாமல் காட்டுகிறார். நினைவிழந்த உடலுக்கு எடை கூடிவிடுகிறது. நனைந்த துணி வழுக்குகிறது. கை பிடித்தால் தோள் நழுவுகிறது. நன்றாக உடற்பயிற்சி செய்த, கையில் கயிறும் கருவியும் உள்ள, உயிர் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு ஒரு சிறுவனை ஏற்றுவதற்கே மூச்சு வாங்கிப்போகிறது. அதற்குமேல் வசனம் எதுவும் தேவைப்படவில்லை. நூறு பேர் என்றால் என்ன என்பதை அந்தச் சில நிமிடங்கள் நம் தோளுக்கு உணர்த்திவிடுகின்றன. கண் விழித்ததும் அந்தப் பையன் நன்றி சொல்வதில்லை. திரும்பிப் போ என்கிறான். அவன் உடன்பிறந்தவள் அந்தப் படகில் இருக்கிறாள். முடியாது என்பதை ரீக்கே விளக்க, அவன் அதை ஏற்க மறுக்க, இருவருக்கும் நடுவே நடக்கும் போராட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கிங்ஸ்லியாக நடித்த கெடியன் ஒடுவோர் வெகேசாவின் கண்களில் கெஞ்சல் இல்லை; கோபம் இருக்கிறது. காப்பாற்றப்பட்டவன் காப்பாற்றியவரிடம் கோபப்படுவது நம் திரைப்படங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கிங்ஸ்லி யார், எந்த ஊர், எப்படிக் கிளம்பினான் என்பதெல்லாம் நமக்குத் தெரியவருவதில்லை. ரீக்கே எந்தப் புத்தகம் படிக்கிறார், எந்தத் தீவை விரும்புகிறார் என்பது வரை சொல்லும் படம், அவனை ரீக்கேயின் மனச்சாட்சியைக் குத்தும் முள்ளாக மட்டும் வைத்துக்கொள்கிறது. பழுதான படகில் இருப்பவர்களோ தொலைவில் அசையும் நிறங்கள்தாம். கேமரா ரீக்கேயின் படகை விட்டு நகராது என்பது இயக்குநர் தமக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு; அதன் பயன் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஐரோப்பியப் பார்வையாளரின் இருக்கை. அந்த இருக்கையில் நான் எவ்வளவு முயன்றும் முழுதாக உட்கார முடியவில்லை.

காரணம் எளிது. 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்கு நடுவே, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் மிதந்துகொண்டிருந்ததைக் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டார். அத்தனை பேரும் ஈழத் தமிழர்கள். ஒரு கப்பல் அவர்களைக் கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. டால்டன் தம் படகில் ஏற்ற முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்துப் படகுகளையும் கூப்பிட்டார், அவர்கள் வந்தார்கள். ‘ஸ்டிக்ஸ்’ பார்க்கும் தமிழருக்கு, தூரத்தில் கையசைக்கும் அந்தக் கூட்டம் முகமில்லாத கூட்டம் இல்லை. இங்கிருந்து தொண்டிக் கடற்கரை ஒரு மணி நேரப் பயணம். அதற்கும் தெற்கே, அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில், படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போன குடும்பங்கள் குடிக்கத் தண்ணீரின்றிக் காத்துக் கிடந்த செய்தியை 2022 மார்ச்சில்கூடப் படித்தோம். கடலோரக் காவல்படை போய் அவர்களை மீட்டு வந்தது.

அப்பத்தா பார்த்ததோ இன்னொரு படம். இங்குள்ள பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. அந்த மரத்துக்கும் கப்பலில் இடம் இருந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டபின், கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கடல் வழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் நடந்து அசாமை நோக்கி வந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அப்பத்தாவின் சிற்றப்பா ஒருவர் நடந்து வந்தவர். கடைக்கணக்குப் பிள்ளையாக இருந்தவர். முதலாளி குடும்பம் கப்பலில் வந்தது. அவர் திரும்பி வந்ததைப் பற்றி மட்டுமே வீட்டில் பேசுவார்கள், இடம் கேட்டாரா, கேட்டபோது என்ன பதில் வந்தது என்பதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை என்று அன்றைக்குத்தான் அப்பத்தா சொன்னார். “எடம் இல்லைன்னு சொல்லியிருப்பாங்க. எடம் இருந்திருக்குமோ என்னமோ.” பிறகு படத்தைத் தொடரச் சொன்னார்.

குறைகளில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அசென்ஷன் தீவு, டார்வின், படகின் பெயர், தொடக்கத்தில் ஜிப்ரால்டர் பாறையில் திரியும் குரங்குகள், போதாததற்குப் படத்தின் தலைப்பு என்று குறியீடுகள் தேவைக்கு அதிகமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. வலியது வாழும் என்பதைப் பற்றி இயக்குநர் ஏதோ சொல்ல வருகிறார் என்பது புரிகிறது. பையனை ஏற்றும் காட்சியில் அது சொல்லாமலே சொல்லப்பட்டுவிட்டதால் மற்றவை பாரமாகத் தொங்குகின்றன. விலகி இருங்கள் என்ற கட்டளையை மீற ரீக்கே கடைசியில் கையாளும் தந்திரத்தைப் பற்றியும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அது என்ன என்பதைச் சொல்லிப் படத்தைக் கெடுக்கப்போவதில்லை. கடல் ஒழுங்கின்படி அது பெரிய தவறு என்றான் அண்ணன் மகன். அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்ய முடியும் என்று கேட்டபோது, தவறு தவறுதான், நானும் அதையே செய்திருப்பேன் என்றான். இறுதிப் பத்து நிமிடங்களில் ரீக்கேயின் முகத்தில் சூசன்னே வொல்ஃப் எதையும் எழுதிக் காட்டவில்லை. அழவும் இல்லை. முதற்காட்சியில் அத்தனை உறுதியாக இருந்த கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. அவரிடம் பேசுபவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், விசாரணை உண்டு என்பதையும் அதே மரியாதையோடு சொல்கிறார்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வசனம் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இருக்கிறது. நான் பார்த்த பிரதியில் ஆங்கிலத் துணைவசனம் மட்டுமே இருந்தது, ஆனால் மொத்தப் பேச்சே சில பக்கங்கள்தான் என்பதால் அப்பத்தாவுக்கு ஆங்காங்கே சொல்லிக்கொண்டு போவதில் சிரமம் இருக்கவில்லை. சிறு குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். கைப்பேசித் திரையில் பார்த்தால் இந்தப் படம் பாழ். பழுதான அந்தப் படகு திரையின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்குத்தான் வருகிறது, அதைப் பெரிய சுவரிலேயே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒலியையும் கவனியுங்கள். பின்னணி இசை ஏறக்குறைய இல்லாத படம் இது. எங்கள் வீட்டு ஸ்பீக்கர் பழையது. காற்றும் அலையும் பாய் படபடப்பதும் மட்டுமே கேட்டன. இரண்டு நாள் கழித்து, இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக மறுபடி பார்த்தேன். ரீக்கே வானொலியில் மிகத் தெளிவான ஆங்கிலத்தில் தன் நிலைகளை ஒப்பிக்கும் நேரத்தில், அந்தச் சொற்களுக்கு அடியில், தண்ணீரைத் தாண்டி, மெல்லிதாகப் பல குரல்கள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.